சுருவிலில் இருந்த பின் சீற்

எங்கள் காரில் முன்னுக்கு ஏறினால் மகாராணி மாதிரி இருக்கலாம். பின்னுக்கு ஏறினால் வெறும் தகரத்தில் குந்தியிருக்க வேண்டும். பின் சீற் இல்லாத கார். ஆனாலும் வேலணையில் யாரைக் கேட்டாலும், இப்படி ஒரு கார் இலங்கையிலேயே வேறு இல்லை என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லி ஊரை நம்பவைத்தவர் என் வீட்டுக்காரர்.

முதலில் அது மலைநாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் இருந்தது. துரை கப்பலேறிய போது, அங்கே கடை வைத்திருந்த என் வீட்டுக்காரரின் அம்மப்பா வாங்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். அந்த மகள்தான் என் மாமி. மாமிக்கும் தெரியாது. கார் ஊருக்கு வந்த அன்று மூக்கு நீளம் காரணமாக ஒழுங்கைக்குள் திரும்பவில்லையாம். அயல் வளவு வேலியைக் கொஞ்சம் வெட்டித்தான் உள்ளே எடுத்தார்களாம். அந்த வீட்டார் இன்றைக்கும் எங்களோடு கதைப்பதில்லை. தங்கள் பிள்ளைகளின் கலியாணத்துக்கு மட்டும், கதைக்காமலே ஆள் விட்டுக் காரைக் கேட்டார்கள்.

மாமிக்குப் பிறகு கார் என் வீட்டுக்காரருக்கு வந்தது. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினார். எங்கள் வேலணைத் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நாளில் அந்த மண்ணெண்ணெயும் இல்லை. சில்லுகளைக் கழற்றிப் பனங்கூடலுக்குள் தாட்டுவிட்டு, காரை வைக்கோலால் மூடினார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து ஊரான சுருவிலில் இருந்து அவருக்குத் தூரத்துச் சொந்தமான அக்கா ஒருவரை மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர். வண்டிப் பலகை குலுங்கக் குலுங்க அக்கா போட்ட சத்தம் கேட்க முடியாது. என் வீட்டுக்காரர் வைக்கோலைத் தள்ளினார். பின் சீற்றைக் கழற்றி வண்டியில் போட்டு, அக்காவை அதில் கிடத்தினார். சிவப்புத் தோல் சீற். கலியாணப் பொம்பிளைகள் மட்டும் இருந்த சீற்.

பல வருடம் கழித்துத் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கார் நின்றது, எஞ்சினுக்குள் கீரி ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கூரை போட முதல் காருக்குக் கொட்டில் போட்டவர் என் வீட்டுக்காரர். மழை பெய்தால் நான் போய்க் காருக்குள் இருப்பேன்.

பிறகு தொடங்கியது திருத்த வேலை. லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு சேலைக்குள் சுற்றி ஒரு பழைய கார்ச் சாமான் கொண்டு வருவார். சேலை எனக்கு, சாமான் அவருக்கு. என் அலுமாரி நிறைய எண்ணெய்க் கறைச் சேலைகள். கதவு ரப்பருக்கு அடியில் துரை காலத்து நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

கொழும்பில் பழைய கார்களை எல்லாம் கூட்டி ஊர்வலம் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதில் ஒருக்காவது ஓட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவருக்கு ஒரு கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. இந்த முறை விட்டால் அடுத்த முறை ஓட்டுவாரோ தெரியாது. அவர்களில் ஒருவர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எல்லாம் காரின் காலத்துச் சாமானாக இருக்க வேண்டும். புதிதாகத் தைத்த சீற் சரிவராது.

பழைய சீற் எங்கே என்று எங்களுக்குத் தெரியும். அது அக்காவோடு ஊரெல்லாம் அலைந்து, அவரோடு சுருவிலுக்குத் திரும்பி வந்துவிட்டது. பிள்ளைகள் கனடாவில், அக்கா தனிய இருக்கிறார். சீமெந்துக் கல்லுகளின் மேல் சீற்றை வைத்து அதில்தான் படுப்பார். வேறெதிலும் அந்த இடுப்பு படுக்க விடாது.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் பெரிய வெட்கக்கேடு. போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, வேறு கதை கதைக்க வேண்டும். மற்றவர் விளங்கிக்கொண்டு தாமாகத் தர வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். நானும் போனேன்.

"அக்கா, உந்தச் சீற் இன்னும் கிடக்குது, என்ன?"

"கிடக்குது தம்பி. நான் சாகுமட்டும் கிடக்கும்."

"ஓமோம், கிடக்கட்டும்."

வெளியே வந்ததும், "அக்காவுக்கு விளங்கியிருக்கும்" என்றார்.

"ஓம், உங்களுக்குத்தான் விளங்கேல்லை" என்றேன்.

அடுத்த முறை யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல மெத்தை வாங்கி, காருக்கு மேலே கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மெத்தை வந்தால் சீற் தானாக வெளியே வரும் என்று நினைத்தார். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால், சீற்றுக்கு மேலே மெத்தை கிடக்கிறது.

"முந்தி முதுகில கொஞ்சம் குத்தும் தம்பி. இப்ப மேல மெத்தையைப் போட்டாப் பிறகு சொர்க்கம். உன்ர கைக்குப் புண்ணியம்."

என் வீட்டுக்காரர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இந்த முறை மழை பிந்திப்போச்சு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இவர் மழையைப் பற்றிக் கதைக்க வரேல்லை. சீற்றைக் கேக்க வந்தவர். ஆள் வந்து பாக்கேக்கை அது இல்லாட்டி, கார் கொழும்பு ஊர்வலத்துக்குப் போக ஏலாதாம்."

"இஞ்ச, நீர் சும்மா இரும்!" என்றார் அவர்.

அக்கா கொஞ்ச நேரம் மெத்தையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "உதைக் கேக்கவோ மெத்தை வாங்கினனீ? வாயால கேட்டிருந்தா அண்டைக்கே தந்திருப்பன். கார் உன்ர. நான் படுத்துக் கிடந்தனான், அவ்வளவுதான்."

"இல்லை அக்கா, அது உங்கடதான்..."

"கதையாதை. காரை ஆள் பாக்க வாற அண்டைக்கு உழவு ரக்ரரைக் கொண்டு வா."

கொழும்புக்காரர் வரும் நாள் காலையில் சீற் ரக்ரர் பெட்டியில் வந்தது. அதன் மேல் அக்காவும் இருந்து வந்தார். "தனிய விட்டா எங்கயாவது தட்டுப்படும்" என்றார். சீற் தன் பழைய இடத்தில் போய் இறுகியது. என் வீட்டுக்காரர் அதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைக்கிற மாதிரி அங்காலே திரும்பி நின்றார்.

வந்தவர் மரியாதையான பொடியன். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான், கதவுகளைத் திறந்து பார்த்தான். கடைசியில் பின் சீற்றில் ஏறி இருந்து, "ஐயா, எல்லாமே பழசு, எல்லாமே சரி. நீங்க ஊர்வலத்துக்கு வரலாம்" என்றான்.

அக்கா கை தட்டினார். நான் வைத்துக் கொடுத்த கதிரையில் இருந்தார். எழும்பினார். சரிந்து இருந்து பார்த்தார். திரும்பவும் எழும்பினார். வாய் சிரிக்கிறது, கை இடுப்பை விட்டு எடுபடவில்லை. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்களால வர ஏலாது" என்றார்.

"ஏன் ஐயா?"

"காருக்குப் பின் சீற் இல்லை."

பொடியன் தனக்குக் கீழே தடவிப் பார்த்தான். "இதிலதானே ஐயா நான் இருக்கிறேன்?"

"ஓம். அது சுருவிலில இருக்கிற சீற். இண்டைக்கு இஞ்ச வந்திருக்கு."

அக்கா கத்தத் தொடங்கினார். "உனக்கென்ன விசரோ? இவ்வளவு பாடுபட்டுப்போட்டு! நான் மெத்தையை நிலத்தில போட்டுப் படுக்கிறன். போடா கொழும்புக்கு!"

"நிலத்தில படுத்து எழும்ப உங்களால ஏலாது அக்கா. ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

நான் பொடியனுக்குத் தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் கொடுத்து அனுப்பினேன். பாவம், பணியாரம் மட்டும்தான் அவனுக்கு விளங்கியது.

அக்கா பின்னுக்கு ஏறினார், நான் முன்னுக்கு. அக்கா வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தார். கடையடியில் ஆட்களைக் கண்டால் ஏச்சை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். கடைக்குள் இருந்தவர்கள் ஊர்வலம் பார்க்கிற மாதிரி வெளியே வந்து பார்த்தார்கள். சந்தியில் என் வீட்டுக்காரர் சுருவிலுக்குத் திரும்பவில்லை. கடற்கரைப் பக்கமாகக் காரை விட்டார்.

"தம்பி, பாதை பிழைச்சுப் போட்டுது" என்றார் அக்கா.

"ஓம் அக்கா" என்றார் அவர். சொல்லிவிட்டு, இன்னும் மெதுவாக ஓட்டினார்.