பக்கவாட்டில் ஆடிய பீமும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா பிறந்தது முத்தியால்பேட்டையில். அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தே பொறியியல் படித்தார். பிறகு என்னையும் படிக்க வைத்தார். கோபம் வந்தால் எங்களை 'வாங்க, போங்க' என்பார். அந்த மரியாதைக்கு வீடே நடுங்கும்.

தாய்மாமா தவளக்குப்பம் அருகே தம் இரும்புப் பட்டறைக்குப் புதிய கொட்டகை போட்டார். உயரத்தில் பீம்கள் எனும் இரண்டு இரும்பு உத்தரங்கள், அவற்றின் மேல் ஓடும் கிரேன். பூசைக்கு உறவெல்லாம் திரண்டிருந்தது. சின்னச் சுமையோடு கிரேனை ஓட்டிக் காட்டினார்கள். பட்டுப்புடவையில் நின்றிருந்த அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு மாமாவிடம் போனார்.

"மாமா, கிரேன நிறுத்தச் சொல்லுங்க. பீமு பக்கவாட்டுல ஆடுது."

"என்னம்மா, ஊரையே கூப்புட்டு வச்சிருக்கேன்! எவ்ளோ தடியான பீமு, அது போயி ஆடுமா?"

"மேலேந்து அழுத்துற கனத்த தாங்கும் மாமா. கொக்கி குறுக்க ஓடி பிரேக் போடறப்ப பக்கத்துல தள்ளுதே, அதத் தாங்க மேல்பக்கம் புடிப்பு இல்ல. முழுச் சுமை ஏத்துனா முறுக்கிக்கும். வந்து தொட்டுப் பாருங்க."

சுமையை இறக்கச் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு அக்கா ஏணியில் ஏறினார். பின்னாலேயே மாமா. தூணோரத் தளத்தில் நின்று பீமில் கை வைத்தார். வெறும் கொக்கி ஓடி நின்றது; அதற்கே பீம் அசைந்தது. மாமா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

கீழே வந்து, "பூசையோட சரி. எல்லாரும் சாப்புடுங்க" என்றார். அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

அந்தத் தீபாவளிக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா பலகாரத்தைத் தொடவே இல்லை. "சபையில சொல்லியிருக்க வேணாமோடா?" என்று என்னைக் கேட்டார். உடனே அவரே, "கீழ ஆளுங்க நின்னாங்களே" என்றார்.

பீம்களின் மேல்பக்கத்தை அகலப்படுத்தி, தூண்களோடு பிணைத்துக் கட்டிய பிறகு ஒருநாள் மாமா வாசலில் வந்து நின்றார்.

"பட்டன நீதாம்மா அமுக்கணும். வண்டில ஏறு."

அக்கா அழுதுவிட்டார். ஆனாலும் அங்கே போனதும் முதலில் ஏணியில் ஏறி, ஒவ்வொரு பிணைப்பையும் பார்த்த பிறகுதான் பட்டனை அமுக்கினார். முழுச் சுமையோடு கிரேன் அமைதியாக ஓடியது. மாமா எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்.

அக்காவுக்கு நோய் முற்றிய நாட்களில் மாமா தவறாமல் இளநீர் கொண்டுவருவார். அக்காவால் விழுங்க முடியாது. மாமாவின் மனம் நோகக் கூடாதென்று உதட்டை நனைத்துக்கொண்டு, "நல்லாருக்கு மாமா" என்பார்.

இரவு பகல் பாராமல் அக்காவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய தெருவாருக்கும், இறுதி ஊர்வலத்துக்குப் பட்டறையை மூடிவிட்டு வந்த தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா போய் ஓராண்டு ஆகியும் அவர் எங்கள் வாசலில் நின்று, பழக்கத்தில், அக்காவின் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். நாங்கள் யாரும் திருத்துவதில்லை. போய்க் கதவைத் திறக்கிறோம்.