மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்

தரங்கம்பாடிக்குப் போனால் கோட்டையைப் பாருங்கள், பழைய தெருக்களில் நடங்கள், கடலில் கால் நனையுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போய்ச் செய்தது சமையல்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. கரும்பு வெட்டு முடிந்த கையோடு பெரியப்பா கச்சிராயபாளையத்தில் ஒரு வேன் பேசினார். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கோமுகி அணைதான் அவள் பார்த்த பெரிய தண்ணீர். களையெடுக்கப் போன இடத்திலெல்லாம், "நான் கடலப் பாக்கப் போறன்டி" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

வெளியூரில் கடைச் சோறு தின்பது எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் ஸ்டவ்வும் அண்டாவும் அரிசியும் எங்களுக்கு முன்னால் வேனில் ஏறின. ஆனால் வழியெல்லாம் இறங்கி டீயும் பஜ்ஜியும் உள்ளே தள்ளினார்கள். பஜ்ஜி கடைச் சோற்றில் சேராது போலிருக்கிறது!

கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில் வேன் நின்றது. அங்கிருந்து கடல் தெரியவில்லை, காற்று மட்டும் வந்தது. ஸ்டவ்வைப் பற்றவைக்கப் பற்றவைக்க அணைந்தது. "அந்த இடிஞ்ச மதிலுக்குப் பின்னால வச்சிக்குங்க" என்று பெரியப்பா கையைக் காட்டிவிட்டு, அப்பாவையும் மற்ற ஆண்களையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போனவள் தெருமுனையிலிருந்து கடலைப் பார்த்தேன். குடத்தோடு ஓடிவந்தேன். "வாம்மா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

"உல கொதிக்குது. சோத்த வடிச்சிட்டு வரன்."

சோறு வடித்தாள். பிறகு குழம்பு, பிறகு அப்பளம். அதற்குள் ஆண்கள் நனைந்த வேட்டியும் பசியுமாக வந்து உட்கார்ந்தார்கள். குழம்பில் உப்பு கம்மி என்று அப்பா சொன்னார். அந்தக் குழம்பை அவர் தலையிலேயே ஊற்றலாம் போலிருந்தது. அவர்கள் தின்று முடித்த பிறகு பெண்கள் தின்றோம். பாத்திரம் கழுவுவதற்குள் பெரியப்பா வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னும் இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? ஏறுங்க, இருட்டறதுக்குள்ள வூடு போயி சேரணும்" என்று கத்தினார்.

"அம்மா இன்னும் கடலையே பாக்கல பெரிப்பா!" நானும் கத்தினேன்.

"கடலு எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அந்த அடுத்த வருசம் அவள் சாகும்வரை வரவே இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அம்மாவிடம், "கடலு எம்மாம் பெருசுக்கா?" என்று கேட்டாள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி, எதிர்க்கரையே கிடையாது, அலை ஆள் உயரம் எழும்பும் என்று அளக்க ஆரம்பித்தார்.

அம்மா அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்டாள்.