தூளியில் மாட்டிய பேட்ஜ்

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு முதல் பெண் பிறந்தாள். அவளுக்குத் தலை நிற்பதற்குள், திண்டிவனம் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை ஒரு மேஸ்திரி விழுப்புரத்தில் ரயிலேற்றி, வெளியூர் அணு உலைக்கு அழைத்துப்போனார். அங்கே குழாய் உடைந்து கொட்டிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கும் வேலை. ஒருவர் கொஞ்ச நேரந்தான் உள்ளே இருக்கலாம், அப்புறம் அடுத்தவர். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்க ஆளுக்கொரு பேட்ஜ் சட்டையில் குத்தியிருப்பார்களாம்.

லீவில் வந்தவர், சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி கொல்லையிலேயே குளித்தார். வேலை செய்த இடத்திலேயே குளிக்கவைத்து, மெஷினில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அவருக்கு நம்பிக்கையில்லை. குழந்தையைத் தொடவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து தூளியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேய் பிடித்தாலாவது வேப்பிலை அடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு யாரிடம் போவது?

ஒப்படைக்க வேண்டிய பேட்ஜை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்திருந்தார். அதைத் தூளிக் கயிற்றில் மாட்டினார்.

"என்னால கொயந்தைக்கு எதுனா வருதான்னு இது காட்டிடும்," என்றார்.

லீவு முடியும்வரை அது அங்கேயே தொங்கியது. பிறகு பத்திரமாக எடுத்துப்போய்க் கொடுத்தார்.

வேலை முடிந்து திரும்பியபோது முகம் செத்திருந்தது. பேட்ஜில் கதிர் பட்டிருந்ததாம். "எங்கொயந்த மேல பட்டது எவ்ளோ சார்?" என்று அதிகாரியிடம் கேட்டிருக்கிறார். உள்ளே போட்டுக்கொண்டு வேலை செய்த பேட்ஜ்தானே, அதில் இருப்பதெல்லாம் வேலையில் பட்டது என்று சொன்ன அதிகாரி, வீட்டுக்கு எடுத்துப்போனதற்குத் திட்டியும் தீர்த்திருக்கிறார். இவர் அதையும் நம்பவில்லை. மறுபடியும் வாசற்படி.

எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாய்யா பேஜாரு இது! போன தபா வந்தப்போ உன் துணிய தொவச்சது யாரு? நாந்தானே? அந்தக் கையாலதானே இவளத் தூக்கிப் பால் குடுத்துக்கினு இருக்கேன்? வர்றதுன்னா எப்பவோ வந்திருக்கும். புடி!"

குழந்தையை அவர் மடியில் போட்டேன். அவர் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். அவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். என் வாய்க்கும் ஒரு பலன் உண்டு என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்கினாள். "பசிக்குது போல, இந்தா," என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. நான் சொன்னது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கையைப் புடவையில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே நின்றேன்.