பாடையில் படுத்த மச்சான்

என்னைப் பார்த்துச் சிரியுங்கள் என்று நான் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை. வில்லியனூரில் அப்பாவுக்கு மளிகைக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் நிற்பேன். புளி நிறுப்பேன். தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். நான் செய்தது அவ்வளவுதான். எதிரில் நிற்கும் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவாள்.

காரணம் தெரியாமல் கண்ணாடியில் வெகுநாள் தேடினேன். பற்களை முழுதாக மூடுவதற்கு மேலுதடு ஒப்புக்கொள்ளவில்லை. புருவங்கள் சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகளைப் போல ஆளுக்கொரு உயரத்தில் குடியிருந்தன. ஆனால் அதெல்லாம் உபகாரணம். நான் முகத்தை எவ்வளவு இறுக்கிக்கொண்டேனோ அவ்வளவு சிரித்தார்கள். அதுதான் விஷயம். கோபம் வந்தால் இன்னும் மோசம்.

அப்பாவுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. காலையில் முதல் போணி ஆகும்வரை என்னைக் கடைப்பக்கம் விடமாட்டார். "நீ எதிர வந்து நிக்காதடா. வந்தவங்க இன்னா வாங்க வந்தோம்னே மறந்துட்றாங்க" என்பார். கடைக்கு உதவாத அந்த முகத்தை எடுத்துக்கொண்டுதான் நான் மெட்ராசுக்குப் போனேன். அறுபதுகளின் கடைசி அது. கோடம்பாக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும், "இதோ, அறை வாங்க ஒரு ஆள்" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அறை வாங்கினேன். கிணற்றில் விழுந்தேன். மாடு முட்டிச் சாணிக்குழியில் உட்கார்ந்தேன். கதாநாயகன் கல்லூரியில் படிக்கும்போது பின்பெஞ்சில் தூங்கினேன். கதாநாயகன் அதே கல்லூரியில் நாற்பது வயதுவரை படித்ததால் எனக்கும் தூக்கம் தொடர்ந்து கிடைத்தது. இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு படத்தில் பெரிய வேடம் வந்தது. கஞ்சத்தனம் பிடித்த மாமா. தொடக்கத்திலேயே செத்துவிடுவார். பிறகு படம் முடியும்வரை அவருடைய பிணம் பாடையோடு ஊரெல்லாம் சுற்றும். ஒரு தெருமுனையில் நழுவி விழும். இன்னொரு தெருவில் கல்யாண ஊர்வலத்தோடு மாறிப்போகும். என் நடிப்பு வாழ்க்கையிலேயே மிக நீளமான வேடம் அதுதான். வசனம் கிடையாது. மூச்சும் கிடையாது.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பிணமாக நடித்தால், அந்தக் காட்சி முடிந்த கையோடு அவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் ஆகாது. செட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள். பிறகு அவனைப் பாடையிலேயே எழுந்து உட்காரச் சொல்வார்கள். "கேமராவப் பாத்து நல்லா சிரி" என்பார்கள். கேமராமேன் கொஞ்சம் ஃபிலிமை ஓட்டி அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொள்வார். செத்தவன் எழுந்து சிரித்துவிட்டான், தோஷம் போச்சு. நானும் கழுத்தில் மாலையும் நெற்றியில் ஒட்டிய காசுமாக எழுந்து உட்கார்ந்து, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தேன். என் தொழிலில் நானாகச் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான். எடிட்டிங் மேஜையில் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். படம் பார்க்கிறவர்களுக்குச் செத்ததுதான் தெரியும், சிரித்தது தெரியாது.

படம் வில்லியனூர் டூரிங் கொட்டாய்க்கு வந்து நன்றாக ஓடியது. அப்பா போகவில்லை. அடுத்து பாகூருக்குப் போனது. அங்கேதான் வினை.

பாகூரில் நெல் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் என் தங்கையை நிச்சயம் செய்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் எல்லாம். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவர் கொட்டாய்க்குப் போய்ப் படம் பார்த்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வில்லியனூர் வந்து எங்கள் கடையில் இறங்கினார். நல்லவேளையாக நான் தங்கையின் கல்யாணத்துக்காக முந்தின இரவுதான் மெட்ராசிலிருந்து வந்திருந்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"பொண்ணப் பத்தி ஒரு கொறையும் இல்ல. பொரிதான் கொறை" என்றார்.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டியானதும், பெண்ணின் கூடப்பிறந்தவன் அவள் கையில் நெல்பொரியை அள்ளிப் போடவேண்டும். அவள் மாப்பிள்ளையோடு சேர்ந்து அதை அக்கினியில் இடுவாள். பிறந்த வீடு உன்னைக் கைவிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்குத்தான் பங்காளி வீட்டுப் பையனைத் தேடுவார்கள். என் தங்கைக்கு அண்ணன் இருந்தேன், உயிரோடு.

"பாடையில ஏறுனவன் கையால பொரி போட்டா எங்க வம்சம் வெளங்குமா? ஊரே பாத்துச்சு. வாயில வாக்கரிசி வேற போட்டாங்க."

நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அவர் ஒரு அடி பின்வாங்கினார். பாவம், அவருக்கு நான் முந்தின நாள்தான் செத்திருந்தேன்.

பூசணிக்காய் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து சிரித்ததைச் சொன்னேன். தோஷமெல்லாம் முறைப்படி கழித்தாகிவிட்டது, சினிமாக்காரன் உங்களைவிடச் சகுனம் பார்க்கிறவன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சிரிச்சத நான் பாக்கலியேப்பா. நான் பாத்த வரிக்கும் நீ செத்துத்தான் கெடந்த."

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இனிமேல் வேஷம் கட்டமாட்டேன் என்று நான் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும். இல்லையென்றால் சித்தப்பா மகன் பொரி போடட்டும். நான் பந்தலில் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அப்பா சித்தப்பா மகனுக்குத் தலையாட்டிவிட்டார்.

பெரியப்பா போனதும் அப்பாவிடம் கேட்டேன். "அவர் சொன்னா நீங்க தலையாட்டிட்றதா?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? நிச்சயம் பண்ண பொண்ண வூட்டுல வச்சிக்கச் சொல்றியா? நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொழப்பு வாணாம்னு. அறை வாங்குற, பொறுத்துக்கினேன். சாணியில வுழுந்த, பொறுத்துக்கினேன். பெத்தவன் நான் உயிரோட இருக்கிறப்ப பாடையில ஏறிப் படுத்துக்கினியேடா."

"அது வேஷம்பா."

"எனக்குப் புள்ள. சினிமாக்காரங்களுக்கு வேஷம்."

சத்தியம் செய்யமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். செத்து நடித்ததற்காக என்னை யாரும் உயிரோடு புதைக்க முடியாது என்றும் சொன்னேன். இப்படிப்பட்ட வசனத்தைச் சினிமாவில் எனக்கு யாரும் கொடுத்ததே இல்லை. சொல்லும்போது முகத்தை எவ்வளவு இறுக்கியிருந்தேன் என்றால், புளி வாங்க வந்து நின்ற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை உள்ளே மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன். உன் கல்யாணம் நின்றுவிடக்கூடாது, நீ சொல்வதுபடி செய்கிறேன் என்றேன். அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

"அண்ணன் வந்தாத்தான் கையை நீட்டுவேன்னு நான் அழுதுனு நிப்பேன்னு பாக்குறியா? அதெல்லாம் உங்க கொட்டாயில. நீ வந்து போடு. அவ்ளோதான்."

"அவங்க தடுத்தா?"

"தடுத்தா நீ பாத்துக்க. எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். முதல் நாள் பொழுது சாயும்போது பெண் அழைப்புக்கு நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு பாகூர் போய்ச் சேர்ந்தோம். பந்தலில் இறங்கியதும் பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. "தோ, பொணம் வந்துட்டான்டா!" என்று ஒருவன் கத்தினான். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. பாசம்தான்.

இருட்டுவதற்குள் மாப்பிள்ளையின் சேக்காளிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சான், அந்தப் பாடை சீன ஒரு தபா செய்யேன்." பெரியப்பா வந்து அவர்களை விரட்டினார். விரட்டிவிட்டு என் பக்கத்தில் குந்தி, குரலைத் தணித்தார்.

"சாவற சீனு வாணாம். வேற எதனா சிரிப்பு காட்டேன். நம்ம வூட்டுக்கு சினிமா ஆளு வந்திருக்குன்னு நெட்டப்பாக்கத்துலேருந்தெல்லாம் வந்திருக்காங்க."

"இந்தக் கை ஆவாதுன்னா இந்த மூஞ்சியும் ஆவாதுங்க. ரெண்டும் ஒரே ஆளோடது" என்றேன். அப்புறம் வாயைத் திறப்பதில்லை, முகத்தில் ஒரு சுருக்கம் அசையவிடுவதில்லை என்று முடிவு செய்து, பந்தலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சத்தியாகிரகம் அது.

ஐந்து நிமிஷம் தாங்கியிருக்கும். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் அதைத் தூக்கிவைத்திருந்தவள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். அதை நான் கோபத்தோடு குடித்தேன். பந்தலே அதிர்ந்தது. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு மட்டும் இடம்விட்டுச் சுற்றி நின்றார்கள். நான் ரசத்தை உறிஞ்சியதற்குக் கைதட்டினார்கள். என் அவமானத்தை நான் எவ்வளவு கம்பீரமாகத் தாங்கினேனோ அவ்வளவுக்கு அந்த ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வேலைநிறுத்தம் செய்தவனை முழுநாள் வேலை வாங்கிவிட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் எதிர் வரிசையில் பெரியப்பா. துண்டால் வாயை அடைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் தண்ணீர். நான் இலையை மூடிவிட்டு அவரிடம் போனேன்.

"பொணத்தப் பாத்தா யாராவது சிரிப்பாங்களா?"

அவர் துண்டை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினார், போ போ என்று.

விடிந்ததும் முகூர்த்தம். தாலி ஏறியது. சித்தப்பா மகன் பட்டு வேட்டியில் ஹோமத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். பொரித்தட்டு அப்பாவின் கையில் இருந்தது. எங்கள் கடையிலிருந்து அவரே துணிப்பையில் கட்டி எடுத்துவந்த பொரி. ஐயர், "பொண்ணோட கூடப்பொறந்தவர் வரலாம்" என்றார். நான் எழுந்து நடந்தேன்.

"ஏந்திரிடா" என்றேன். சித்தப்பா மகன் நன்றியோடு எழுந்து ஓடினான். புகை அப்படி.

"யோவ்!" என்று பெரியப்பாவின் குரல். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"கூடப்பொறந்தவர் யாரு?"

"நான்."

"வேற யாரும் இருக்காளா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? நீரே போடும். நாழி ஆறது."

"சாமி, அவன் பாடையில..." என்று ஆரம்பித்த பெரியப்பாவைப் பார்த்து நான் சொன்னேன்: "அதே ஆளுதாங்க. நேத்து பார்த்துச் சிரிச்சீங்களே, அந்த ஆளு. இன்னும் பத்துப் படத்துல சாவப்போறேன். சத்தியம் பண்ண மாட்டேன், நாளைக்கே கூப்பிட்டாலும் போய்ப் படுப்பேன். என் தங்கச்சிக்குப் பொரி நான்தான் போடுவேன்."

அப்பா அந்தத் தட்டை என் பக்கம் நீட்டினார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நீட்டவில்லை. அக்கினியைப் பார்த்தபடி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானாகத்தான் அள்ளினேன். ஆனால் அவர் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ளவும் இல்லை. வியாபாரி; ஒரு பொருளைக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தால் இழுத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

தங்கை ஏற்கெனவே கையைக் குவித்து வைத்திருந்தாள். அழவெல்லாம் இல்லை. "சீக்கிரம் போடு, கை சுடுது" என்றாள்.

போட்டேன். பொரி நெருப்பில் விழுந்து பட்டென்று வெடித்தது. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ஃபோட்டோக்காரர் அந்த நேரத்தில் கறுப்புத் துணிப் பையிலிருந்து ஃபிளாஷ் பல்பை எடுத்துமாட்டி எங்களை நோக்கிக் குனிந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியப்பா பார்க்காமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. நான் ஃபோட்டோக்காரரைப் பார்க்கவில்லை. லென்ஸை நேராகப் பார்த்துச் சிரித்தேன். பாடையில் எழுந்து உட்கார்ந்து சிரித்தேனே, அதே சிரிப்பு, அதே பற்கள் அத்தனையும்.

இதைமட்டும் யாரும் வெட்டி எறிய முடியவில்லை. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை நெருப்பைப் பார்க்கிறார், தங்கை கையைப் பார்க்கிறாள், நான் மட்டும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறேன். வேறு படம் சரியாக விழாததால் அதைத்தான் சட்டம் போட்டுப் பாகூர் வீட்டுக் கூடத்தில் மாட்டவேண்டியதாயிற்று. பின்னால், தெருவிலேயே முதலாவதாக அந்த வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது அதை வைக்க இடம் கிடைத்ததும் அந்தப் படத்துக்குக் கீழேதான்.

தொலைக்காட்சி நாடகங்களிலும் என்னை அடிக்கடி சாகச் சொல்கிறார்கள். சாகிறேன். போன முறை பாகூர் போயிருந்தபோது அப்படி ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் என்னைப் பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருப் பிள்ளைகள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் பயந்து அழுதது. பெரியப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். அவர் அந்தக் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு, கைத்தடியால் பெட்டிக்கு மேலே சுவரைக் காட்டினார்.

"அழுவாதடா. மேல பாரு. ஏந்திரிச்சிட்டான்."