பேர் சொல்லாமல் சொன்னது

ஊராரைக் கேள்வி கேட்டுப் பிழைப்பது சமூகவியல். ஊரார் கேட்கிற கேள்விக்கு முழிப்பது அரசியல். கல்லூரியில் முன்னதைப் பாடம் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, கோவில்பட்டிப் பக்கம் ஒன்றியக் கவுன்சிலராக நின்று ஜெயித்தவள் நான். பேனாவை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்த என்னைப் போன்றவர் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்கு உடனே புரியும்.

விரித்த நோட்டு

பிரசாரத்தின் முதல் நாளே பழக்கதோஷம் தலைகாட்டிவிட்டது. ஒரு வாசலில் கும்பிடு போட்ட கையோடு, "வீட்டில எத்தனை பேர்? வேலைக்குப் போறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டேன். கை தானாக நோட்டை விரித்தது. வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே யாரோ டி.வி.யை அணைத்துப் போர்வையால் மூடினார்கள்.

ரேஷன் கார்டை வெட்ட வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். மழையை நம்பி விதைக்கிற கரிசல் காட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருவது அந்த அரிசிதான். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "ஓட்டு உங்களுக்கே போடுதேன் டீச்சர், அந்த நோட்டை மட்டும் மூடிருங்க."

நலம் விசாரித்தவர்

கீழத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருவேன் என்றுதான் ஓட்டு வாங்கியிருந்தேன். ஊர்த் தொட்டியின் வால்வைத் திறக்கிற சாவி பஞ்சாயத்தில் இல்லை. நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கியது. மேலத் தெரு நிறைந்து, அவர் மாடுகள் குடித்த பிறகு மிச்சமிருந்தால் கீழத் தெருவுக்கு. சாவியைப் பஞ்சாயத்துக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தேன்.

மறுநாள் அவருடைய மைத்துனர் கடம்பூர் போளியோடு வீட்டுக்கு வந்தார். பக்கத்திலேயே தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மாவின் முட்டுவலியை விசாரித்தார், காப்பி நன்றாக இருக்கிறது என்றார். செருப்பை மாட்டும்போது சொன்னார்: "டீச்சர் கயத்தாறு ரோட்டுலதான தெனமும் ஸ்கூட்டில வாரீங்க? லாரி நெறைய போகுது, பாத்து வாங்க."

ஒரு பெண்மணி

அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டாலே ஸ்கூட்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன். இருந்தாலும் ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். நாலு வருஷம் முன்னால் ஆய்வுக்காக எழுதி வைத்த பேட்டிகளிலிருந்து ஒன்றை வாசித்தேன். ஆய்வில் தகவல் சொன்னவர் பேரைச் சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. "கீழத் தெருக் கடைசி வீட்டில் இருக்கும் ஒரு பெண்மணி, தீப்பெட்டித் தொழிலாளி, கணவரை இழந்தவர். தண்ணீர் கேட்டதற்கு, மாடு குடிக்கட்டும் என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்" என்று வாசித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலிக் கவுன்சிலர் என் காதருகே குனிந்தார். "அங்கன கடைசி வீடு மாரியம்மா வீடுல்லா? இதுக்குப் பேரையே சொல்லிருக்கலாமே டீச்சர்."

பூட்டிய வீடு

மறுநாள் மாரியம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் வேலை பார்த்தது அந்த மைத்துனரின் தீப்பெட்டி ஆபீஸில்தான். அங்கே கேட்டால், வேலையை விட்டு நிறுத்தியாச்சு என்றார்கள். தெருவில் கேட்ட வீட்டிலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். போகிற வழியிலிருந்த கிணறுகளையெல்லாம் நின்று எட்டிப் பார்த்தேன். அப்படிப் பயந்ததில்லை நான் என் வாழ்நாளில். அவள் என்னை நம்பிச் சொன்னதை நானே ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டேன்.

கூட்டத்தில் பேச்சு எழுந்ததால் ஒன்றியத்திலிருந்து உத்தரவு போய், ஆறாம் நாள் சாவி பஞ்சாயத்துக்கு வந்தது. ஏழாம் நாள் காலையில் கீழத் தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள் மாரியம்மாள். கூட்டம் நடந்த அன்று ராத்திரி இரண்டு பேர் வந்து ஒன்றும் பேசாமல் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்களாம். மகளைக் கூட்டிக்கொண்டு நாகலாபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவள், சாவி கைமாறியதைக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தாளாம். வேலை திரும்பக் கிடைக்காது. அந்த இரண்டு பேர் மறுபடி வரமாட்டார்கள் என்று சொல்ல என்னாலும் முடியாது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த கூட்டத்துல என் பேரைச் சொல்லியே பேசுங்க டீச்சர், நானும் வந்து வாசல்ல நிக்கேன். பேரை ஒளிச்சு வச்சதாலதான அவிய ராத்திரியில வந்தாவ. ஊரறியச் சொல்லிட்டா வர யோசிப்பாவ."

பேரை மறைத்தால் ஆளைக் காப்பாற்றலாம் என்று இத்தனை வருஷம் பாடம் நடத்தியவள், அடுத்த கூட்டத்துக்கு அவளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனபோது, கயத்தாறு ரோட்டில் லாரி ஹாரன் கேட்டு நடுங்கியது நான் மட்டும்தான்.