டெரன்ஸ் தண்டல் திறக்கச் சொன்ன பெட்டி

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப் போகும் தோணிகளில் முப்பத்தொரு வருடம் ஓடியவர் டெரன்ஸ். அதில் பதினெட்டு வருடம் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிட முடியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அவர் தோணியில் சமையல் பவுலுடையது. இருவரும் ஒரே தெரு, ஒரே வயது. பவுல் ஒரு காலத்தில் குடித்தவர்தான். மகள் அனிஷா பிறந்தபோது மாதா கோயிலில் சத்தியம் செய்து விட்டுவிட்டார். அன்று பக்கத்தில் சாட்சியாக நின்றவரே டெரன்ஸ்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பயணத்தில் பவுல் சாளை மீன் குழம்பை அடிபிடிக்க விட்டார். தீய்ந்த வாடை தோணி முழுக்க அடித்தது. அடுப்பின் முன்னால் நின்றவருக்கு மட்டும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் ஊசிப்போன மீனைப் பொரித்து வைத்தார். நடை தள்ளாடியது. சும்மா மடியில் கிடக்கும்போது வலது கை ஆடியது. பேச்சு குழறியது.

மாலத்தீவின் மாலே துறையில் ஒரு காலை, கொதிக்கிற கஞ்சிப் பானை பவுலின் கையிலிருந்து நழுவியது. மாலுமி ஃபிராங்க்ளினின் கால் வெந்துபோனது.

"ஒன் பெட்டியத் தொறலே," என்றார் டெரன்ஸ், எல்லார் முன்னாலும்.

இரண்டு கைலி, ஒரு ஜெபமாலை, தைலக் குப்பி. அவ்வளவுதான்.

"பாட்டில எங்கன ஒளிச்சு வச்சிருக்க?"

"மாதா மேல சத்தியமா நான் குடிக்கலலே."

"குடிகாரப் பயலுக்கு எதுக்கு மாதா பேரு?"

மாலேயில் மதுவுக்குத் தடை. குடிக்க நினைத்தாலும் ஒரு சொட்டு வாங்க முடியாத ஊர் அது. டெரன்ஸ் அதை யோசிக்கவில்லை. ஊர் திரும்பியதும் முதலாளியிடம் சொன்னார். பவுலின் வேலை போயிற்று. மற்ற தோணிக்காரர்களும் அவரை எடுக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து டெரன்ஸ் வீட்டு வாசலில் அனிஷா வந்து நின்றாள். "மாமா, அப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். நரம்பு டாக்டர்ட்ட. தனியாத் தூக்கி எறக்க முடியல."

டாக்டர் பவுலின் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் என்றார்.

"குடியினால வந்ததா?" என்று கேட்டார் டெரன்ஸ்.

"இல்லைங்க. மூளையில ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்துற முனைன்னு ஒண்ணு உண்டு. அங்க வேலை செய்யிற புரதம் நாளாக நாளாகக் கெட்டுப்போகும். கெட்டதை செல்லே உடைச்சு அழிச்சிட்டு, புதுசு செஞ்சுக்கும். நம்ம எல்லாருக்கும் ஓயாம நடக்கிற வேலை. இவருக்கு அந்தத் துப்புரவு சரியா நடக்கல. கெட்ட புரதம் திரண்டு தேங்கி, முனைகள் பழுதாகி, செல்லும் சாகுது. ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது." டாக்டர் நிமிர்ந்தார். "கை நடுங்குறதுக்குப் பல வருஷம் முன்னாலயே வாசனை தெரியாமப் போயிருக்குமே. யாரும் கவனிக்கலையா?"

டெரன்ஸ் கவனித்திருந்தார். கவனித்த ஒவ்வொன்றையும் குற்றமாகத்தான் சேர்த்து வைத்திருந்தார்.

"இந்த மாத்திரை தேங்கினதை எடுக்காது. ஆனா நடமாட்டம் தேறும். முன்னாலேயே வந்திருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்."

வெளியே வந்ததும் அனிஷா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தண்டல் அண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்னு அம்மா நம்பிட்டாங்க மாமா. தினமும் அப்பா வாய மோந்து பாப்பாங்க. குடிய மறக்க வைக்கிற எடத்துல மூணு மாசம் விட்டிருந்தோம்."

டெரன்ஸ் போய்ப் பவுலின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏலே பவுலு, ஒனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்லே."

பவுல் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். பிறகு குரல் மெலிதாக வந்தது. "எங்கிட்டச் சொல்லி என்ன? நான் குடிக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. ஞானபாய்ட்டச் சொல்லு."

அன்று மாலையே டெரன்ஸ் பவுலின் மனைவி ஞானபாயிடம் உண்மையைச் சொன்னார். அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் டெரன்ஸ் துறைமுகத்துக்குப் போய், அன்றைக்கு மாலேயில் நின்ற ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்தார்.

"பெட்டியத் தொறக்கச் சொன்னது நான். உள்ள ஒண்ணும் இல்லன்னு பாத்ததும் நான்தான். பாத்துட்டும் அவன் குடிச்சான்னு சொன்னேன்."

"விடுங்க அண்ணாச்சி, பழைய கத," என்றான் ஃபிராங்க்ளின்.

"எனக்குப் பழசு இல்லடே."

மாத்திரையில் பவுல் ஓரளவு தேறினார். டெரன்ஸ் தோணியை விட்டுவிட்டு, காலைதோறும் அவரைக் கடற்கரைச் சாலையில் நடக்க வைக்கிறார். இப்படியொரு கூட்டாளி யாருக்குக் கிடைக்கும் என்று எதிரே வருகிறவர்கள் மெச்சும்போது, டெரன்ஸ் அங்கேயே நின்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அவர் தோளைப் பிடித்தபடி பவுல் காத்து நிற்பார்.

"போதும்லே, நட," என்பார் கடைசியில். "எனக்குக் காலு வலிக்கு."