சீசாவில் ஏறிய தண்ணீர்

ஆய்வகத்தில் அவளை உப்பக்கா என்பார்கள். கடலோர உவர்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது அவளுக்குப் பதினோரு வருட வேலை. மண்ணை உப்புநீரில் கரைத்து, ஒரு சொட்டைத் தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால் இரண்டு வாரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைக்கும். இப்போது மூன்று தடவையும் தட்டுகள் துடைத்துவிட்டது போலக் கிடந்தன.

"இன்னும் ஒரு ஸ்பூன் மண்ணுதான் இருக்கு. இதுவும் வரலன்னா உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று தலைமை அம்மா கேட்டுவிட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள்: "புதுசா வந்தவ மேலதான் எனக்குச் சந்தேகம். எனக்கு முன்னாடியே வந்துடுறா. நான் உள்ள போனா கையைத் துடைச்சுக்கிட்டு நிக்குறா."

"சீக்கிரம் வர்றது குத்தமா? உன் கிருமிங்களுக்கு உன்னைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சிருக்கும்."

"எனக்குக்கூடத்தான் உங்களைப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. செத்தா போயிட்டேன்?"

திங்கட்கிழமை உப்புநீர் கலக்கி வைத்தவள், சீசாவின் பின்பக்கம் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு மேலே விரற்கடை ஏறியிருந்தது. மூடி வைத்த தண்ணீர் குறையலாம், ஏறுமா? யாரிடமும் மூச்சுவிடாமல் புதிதாகக் கலக்கி வைத்தாள். புதன்கிழமை காவலாளி கதவைத் திறக்கும்போதே உள்ளே போனாள்.

புதியவள் தொட்டியில் அந்தச் சீசாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"வாயெல்லாம் வெள்ளையா பூத்திருக்கு அக்கா. நான் முன்னாடி இருந்த ஆஸ்பத்திரி லேப்ல இப்படி இருந்தா தோலை உரிச்சுடுவாங்க. உள்ள இருக்கிறதைக் கொட்டிக் கழுவி, காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தி வைக்கிறேன்."

"உப்புத்தண்ணி வைக்கிற சீசாம்மா அது. வெள்ளை பூக்கத்தான் செய்யும். நல்ல தண்ணி பட்டா மண்ணுல இருக்கிற கிருமிங்க வெடிச்சுச் செத்துடும்."

"சீசா மேல 'கரைக்க'ன்னுதானே எழுதியிருக்கு? உப்பை நீங்க அப்புறமா போடுவீங்கன்னு நினைச்சேன். நோட்டுல ஒவ்வொரு தடவையும் உப்பு இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கே. அளந்துதானே எழுதுவீங்க?"

உப்பின் அளவைக் காட்டும் கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்த பிறகுதான் எண்ணை எழுத வேண்டும். என்றுமே மாறாத எண். அளப்பதை எந்த வருடம் விட்டாள் என்பது உப்பக்காவுக்கே நினைவில்லை. புதியவள் வெகுளியாகக் கேட்டாளா, தெரிந்தே குத்தினாளா? முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

சீசாவை மட்டும் எடுத்துப் போய்க் காட்டியிருக்கலாம். ஆனால் நோட்டை இவள் பார்த்தாயிற்று; நாளைக்கு வாயைத் திறக்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? கடைசி மூன்று எண்களையும் அடித்து, 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். சீசாவையும் நோட்டையும் தலைமை அம்மாவின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் சீசாவைவிட நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

கடைசி ஸ்பூன் மண் பலித்தது. வேலை நீண்டது, வழக்கமான ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம். இனிமேல் இருவரும் அளந்து இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு.

புதியவள் அளந்து "இருபத்தஞ்சு" என்றாள். உப்பக்கா மிதவையை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள்.

"நம்பிக்கை இல்லையா அக்கா?"

"இல்ல. தள்ளு, வெளிச்சத்தை மறைக்காத."